முட்டை குடித்தவளும் முடி துறந்தவர்களும்

ஸ்பெயினில் 1868 முதல் 1875 வரை யார் எப்போது ஆண்டார் என்று கேட்டால் பரீட்சை எழுதும் பிள்ளை அழுதுவிடும். பெனித்தோ பெரெஸ் கால்தோஸ் 1887-இல் எழுதி முடித்த ‘ஃபோர்த்துனாத்தாவும் ஹசிந்தாவும்’ நாவலில் அதற்குக் குறுக்குவழி இருக்கிறது. மாத்ரித் ஜவுளிக்காரர் மகன் ஹுவானித்தோ இப்போது எந்தப் பெண்ணோடு இருக்கிறான் என்று பார்த்தால் போதும்.

1868-இல் ராணி இரண்டாம் இசபெல் மூட்டைகட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனார். காலி நாற்காலிக்கு ஆள் தேடிய ஜெனரல் பிரீம், இத்தாலியிலிருந்து அமதேயோவை வரவழைத்தார். அவர் வந்து சேர்வதற்குள் பிரீமைச் சுட்டுவிட்டார்கள். புது ராஜா தலைநகரில் செய்த முதல் காரியம், தன்னைக் கூப்பிட்டவருக்குத் துக்கம் விசாரித்ததுதான். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 1873-இல் ‘ஆளை விடுங்கள்’ என்று போய்விட்டார்.

இதற்கிடையே நம் பையன் நோயாளிக் கிழவர் ஒருவரைப் பார்க்கப் போனான். மாடிப்படியில் ஒருத்தி பச்சை முட்டையை உடைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் ஃபோர்த்துனாத்தா. முட்டையோடு இவனும் காலி. கொஞ்ச நாளில் அவளைக் கைகழுவிவிட்டு, அம்மா பார்த்த தாய்மாமன் மகள் ஹசிந்தாவைக் கட்டிக்கொண்டான். தேனிலவிலேயே அவள் பழைய கதையைத் துளித்துளியாகக் கறந்துவிட்டாள்.

பிறகு குடியரசு. பதினோரு மாதத்தில் நான்கு ஜனாதிபதிகள். முதலாமவர் ஃபிகேராஸ், யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் பிரான்சுக்கு ரயிலேறிவிட்டார். 1874 ஜனவரி 3 விடியலில் ஜெனரல் பாவியா (பெயர்ப் பொருத்தத்துக்கு நான் பொறுப்பல்ல) நாடாளுமன்றத்துக்குள் சிப்பாய்களை அனுப்பிக் கடையை மூடினார். கால்தோஸின் குறும்பு உச்சம் தொடுவது இங்கேதான். அந்தச் செய்தியோடு நண்பன் வருகிறான். ஆனால் ஹுவானித்தோ காதில் ஓதுவது ஃபோர்த்துனாத்தா மாத்ரித் திரும்பிவிட்டாள், ஆளே மாறி அழகாகிவிட்டாள் என்பதை. ஹசிந்தா அறைக்குள் வந்ததும் பேச்சு சட்டென்று பாவியாவுக்குத் தாவும். அவள் வெளியே போனால் மறுபடி ஃபோர்த்துனாத்தா.

ஃபோர்த்துனாத்தாவுக்கு மாக்ஸி என்ற நோஞ்சான் மருந்தாளுநரைக் கட்டிவைத்தார்கள். அதற்கு முன் மடத்தில் அடைத்து ‘சுத்தம்’ வேறு செய்தார்கள். கல்யாண ராத்திரி மாப்பிள்ளைக்கு ஒற்றைத் தலைவலி. மற்றதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

1874 டிசம்பரில் ராணுவம் இசபெலின் மகன் அல்ஃபோன்சோவை ராஜாவாக்கியது. அதற்குள் மறுபடி ஃபோர்த்துனாத்தாவிடம் போயிருந்த ஹுவானித்தோவும் பெண்டாட்டியிடம் திரும்பினான். கால்தோஸ் அத்தியாயத்துக்கு வைத்த தலைப்பே ‘வென்றது முடியாட்சி மீட்பு’. அடுத்தது ‘தோற்றது புரட்சி’. ஃபோர்த்துனாத்தா மாக்ஸியிடம் திரும்பும் அத்தியாயத்துக்கு ‘இன்னொரு மீட்பு’ என்று வைத்தார். மனுஷருக்கு இரக்கமே கிடையாது.

இந்த நாவலை மாரியோ காமுஸ் பத்துப் பகுதிகளாக இயக்க, ஸ்பெயின் அரசுத் தொலைக்காட்சி 1980-இல் காட்டியது. காலத்தைப் பாருங்கள்: சர்வாதிகாரி ஃபிராங்கோ 1975-இல் செத்து, அதே அல்ஃபோன்சோவின் கொள்ளுப்பேரன் ஹுவான் கார்லோஸ் அரியணையேறி ஐந்து வருஷம். பாட்டனார் காலத்து மீட்பை, பேரன் காலத்து மீட்பில் உட்கார்ந்து ஜனங்கள் பார்த்தார்கள். தோற்ற புரட்சியான ஃபோர்த்துனாத்தாவாக நடித்தவர் ஆனா பெலென், நிஜத்தில் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். சென்சார் இருந்த வேளையில் இதை எடுத்திருந்தால் மடத்துக் காட்சிகள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

முடிவு சீரியல் முடிவேதான். ஃபோர்த்துனாத்தா பிள்ளை பெற்று, அதைப் பிள்ளையில்லாத ஹசிந்தாவிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டுச் சாகிறாள். ஹசிந்தாவுக்குப் பிள்ளை கிடைத்தது. புருஷன்மேல் இருந்த மதிப்பு போயிற்று. மடத்துக்கு என்று சொல்லி மாக்ஸியை வண்டியில் ஏற்றிப் போன இடம் லெகானெஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அது அவனுக்கும் தெரிந்தே இருந்தது.