நிழல்தோட்டக்காரர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே கிடக்கும் மூன்றடிச் சந்தில் செடி வளர்ப்பவர் நிழல்தோட்டக்காரர். மாடித்தோட்டக்காரரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் வேறு இனம். அவருக்கு வெயில் உண்டு. வெயிலால் தக்காளி உண்டு. தக்காளியைத் தராசில் வைத்துப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் பாக்கியமும் உண்டு. நிழல்தோட்டக்காரரிடம் இருப்பது இலை மட்டும். அதைப் படமெடுத்துப் போட்டால், "நல்லா இருக்கு மாமா, இதுல என்ன காய்க்கும்?" என்று மருமகன் கேட்பார்.

இவர் பிறவியிலேயே நிழல்தோட்டக்காரர் அல்லர். அரை கிரவுண்டு மனை வாங்கி, பி.எஃப். கடனில் வீடு கட்டி, கிழக்குச் சுவரோரம் ரோஜாவும் மல்லிகையும் வைத்துச் சுகமாக இருந்தவர்தான். பக்கத்து மனைக்காரர் தம் ஓட்டு வீட்டை பில்டரிடம் கொடுத்த நாளில் இவருடைய இனமாற்றம் தொடங்குகிறது. கீழே வண்டி நிறுத்தம், மேலே நான்கு மாடி எழுந்து முடிந்ததும், காலை ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்த சூரியன் பன்னிரண்டுக்கு எட்டிப் பார்த்து அரைமணியில் விடைபெற்றுக்கொள்கிறது. ரோஜா மொட்டு வைப்பதை நிறுத்துகிறது. மல்லிகை பூவை மறந்து வெளிச்சம் தேடிப் பக்கத்து ஃபிளாட்டின் ஜன்னலை நோக்கி நீள்கிறது. ஆறு மாதம் உரத்தையும் அடுத்த ஆறு மாதம் மண்ணையும் குறை சொன்ன பிறகு, நர்சரிக்காரரிடம் மெல்லிய குரலில் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்: "நிழல்ல வர்ற செடி ஏதாவது இருக்கா?"

இந்த வட்டாரத்துக்குச் செடிகொடி புதிதன்று. பூந்தமல்லியின் முழுப்பெயரான பூவிருந்தவல்லியிலேயே பூ இருக்கிறது. அவ்வூரில் பிறந்த திருக்கச்சி நம்பி அங்கே நந்தவனம் வைத்து, பூப்பறித்துக் காஞ்சிபுரம் வரதராசருக்குக் கொண்டுபோனதாக வைணவ மரபு சொல்லும். திருமுல்லைவாயிலின் தலபுராணத்தில் தொண்டைமானின் யானையையே முல்லைக்கொடி காலைச் சுற்றி நிறுத்திவிட்டது. இரண்டு கதையிலும் அணில் வரவில்லை. அதனால்தான் அவை நல்லபடியாக முடிந்தன என்பது நிழல்தோட்டக்காரரின் கருத்து.

இவர்களில் பெரும்பாலோர் ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பாடி, அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி என்று இடம் மாறினாலும் குணம் மாறாது. எல்லாவற்றுக்கும் அட்டவணை, எல்லாவற்றுக்கும் ஷிஃப்ட். உச்சகட்ட உதாரணம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையின் ஓய்வூதியர். 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஆலை அது. பிறகு அஜேயா, பீஷ்மா, அறுபது டன்னை நெருங்கும் அர்ஜுன் என்று வரிசையாக வந்தன. எதிரியின் குண்டை இரும்பு எப்படித் தாங்கும் என்று முப்பது வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவர், நூறு கிராம் சொச்சம் எடையுள்ள ஒரு பிராணியிடமிருந்து ஒரு தொட்டி மண்ணைக் காப்பாற்ற வழி தெரியாமல் லுங்கியோடு நிற்பார்.

நிழலிலும் வகை உண்டு. காலையில் இரண்டு மணிநேர இளவெயில் கிடைத்துப் பிறகு நிழலாகும் இடம் உத்தமம். அங்கே கனகாம்பரம்கூடப் பூக்கும். வேப்பமரத்தடி நிழல் பார்வைக்குக் குளிர்ச்சியானது, ஆனால் மேல்மண்ணின் ஈரத்தை மரத்தின் வேர் முன்பதிவு செய்துவிட்டிருக்கும். மிகவும் மோசமானது சன்ஷேடுக்கு அடியிலுள்ள நிழல். ஐப்பசி அடைமழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடும்போது சுவரோரத் தொட்டியில் புழுதி பறக்கும். நிழல் என்றால் ஈரம் என்று நம்பி முதல் வருடம் இவர் இழக்கும் செடிகள் பெரும்பாலும் இந்த இடத்தில் செத்தவை.

விதைக்கும் அறுவடைக்கும் இங்கே வேலை இல்லை. வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும் செடிகளே இந்தச் சந்துக்கு ஏற்றவை. அக்லோனிமா, சிங்கோனியம், மணி பிளான்ட், பீஸ் லில்லி, கலேடியம் என்று பெயர்கள் மட்டும் விமானத்தில் வந்து இறங்கியவை போல ஒலிக்கும். அத்தனையும் சேப்பங்கிழங்குக்குச் சொந்தம், ஒரே குடும்பம். கிழங்கு மார்க்கெட்டில் கிலோ கணக்கில் கிடைக்கிறது, அதன் ஒன்றுவிட்ட தங்கை வெள்ளைப் பீங்கான் தொட்டியில் ஏறிக்கொண்டு இருநூறு ரூபாய் கேட்கிறாள். இவற்றோடு பெரணி உண்டு, ஓமவல்லி உண்டு; ஸ்நேக் பிளான்ட் என்று விற்கப்படும் மருள் உண்டு. மருளின் உறவினர் ஒன்று நம்மூர்ப் புதர்களில் விலையில்லாமல் கிடைக்கிறது என்ற தகவலை இவரிடம் சொல்லக் கூடாது. கலேடியத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: வறண்ட காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் கிழங்காக மண்ணுக்குள் தூங்கும். முதல் தடவை அதைச் செத்ததாக நினைத்துத் தொட்டியோடு கவிழ்த்துக் குப்பை வண்டியில் போடாத நிழல்தோட்டக்காரர் இல்லை.

செடி வாங்கும் காலம் சாத்திரப்படி ஆடி, இல்லையென்றால் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கம். இவர் வாங்குவது சித்திரையில். ஏனென்றால் செடி வண்டி தெருவுக்கு வந்தது சித்திரையில். "சார், நெயலு செடி சார் இது. தண்ணியே காட்டத் தேவல, வாரத்துல ஒரு வாட்டி ஊத்துனா போதும்" என்று வண்டிக்காரர் சத்தியம் செய்வார். அவர் சொல்வது வேர்பிடித்த செடிக்குப் பொருந்தும். புதுச்செடிக்குப் பொருந்தாது. இந்தச் செடிகளில் நிறைய ஆந்திரத்தில் ராஜமுந்திரிக்குப் பக்கத்திலுள்ள கடியம் நர்சரிகளிலிருந்து லாரி ஏறி வருபவை. வேரைச் சுற்றிக் களிமண் உருண்டையாக இறுகியிருக்கும். அதை அப்படியே நட்டு மேலே தண்ணீர் விட்டால், தண்ணீர் உருண்டையைச் சுற்றிக்கொண்டு அடியில் போய்விடும்; தொட்டி மண் சொதசொத என்றிருக்க, நடுவில் செடி தாகத்தில் வாடும். நடுவதற்கு முன் அந்த உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை முக்கி எடுத்து, விளிம்பைக் கொஞ்சம் உதிர்த்துவிட வேண்டும். இரண்டு மூன்று வாரம், வேர் புதுமண்ணுக்குள் இறங்கும்வரை, ஈரம் காயாமல் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் அணில் வருகிறது.

நம் பக்கத்து அணிலுக்கு முதுகில் மூன்று கோடு. இராமர் விரலால் தடவிய அடையாளம் என்பதால் அதன்மேல் கல்லெறிய யாருக்கும் மனம் வராது. வடக்கே இருக்கும் இனத்துக்கு ஐந்து கோடு. அங்கே இராமர் முழுக்கையாலும் தடவியிருக்கிறார். ஆளில்லா வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைப் பாடி, அதனாலேயே அணிலாடு முன்றிலார் என்று பெயர் பெற்ற சங்கப் புலவர் குறுந்தொகையில் இருக்கிறார். அவர் காலத்து அணிலுக்குக் கூச்சம் இருந்திருக்க வேண்டும். இன்றைய அணில், வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டியில் இறங்கி, கிளறி, புதுச்செடியைச் சாய்த்து, வேர்மண்ணை அவர் காலடியில் வீசிவிட்டுப் போகும். 2021 ஜூனில் மின்வெட்டுக்கு அணிலும் ஒரு காரணம் என்று அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி சொன்னபோது தமிழ்நாடே சிரித்தது. நிழல்தோட்டக்காரர் சிரிக்கவில்லை. "அந்த ஆளுக்கு விஷயம் தெரியுது" என்றார்.

அணில் செடியைத் தின்ன வருவதில்லை. பழைய மண் இறுகிக் கிடக்கிறது. புதிதாக நட்ட இடம் மட்டும் பொலபொலவென்று இருக்கிறது. அதில் சமையலறைக் கழிவு உரத்தோடு வந்த பூசணி விதையும் பறங்கி விதையும் இருக்கின்றன. இது போதாதென்று நிழல்தோட்டக்காரர் தம் கையாலேயே கடலைப் புண்ணாக்கைத் தூவி அழைப்பிதழ் வைத்திருக்கிறார். இரவில் எலிக்கும் பகலில் அணிலுக்கும் அது விருந்து. வேப்பம் புண்ணாக்குக்கு மாறினால் பாதிப் பிரச்சினை தீரும். கொடி ஏறுவதற்காக நட்ட தென்னைநார்க் கம்பத்தை உரிப்பது வேறு கணக்கு, கூடு கட்டுவதற்கு. அணிலுக்கு அது மெத்தென்ற கட்டுமானப் பொருள்.

போர் முறைகள் காலவரிசையில் வருகின்றன. முதலில் கைதட்டல். பிறகு பழைய சி.டி.க்களை நூலில் கட்டித் தொங்கவிடுதல். இரண்டு நாள் பலனளிக்கும், மூன்றாம் நாள் அணில் அதில் முகம் பார்க்கும். அடுத்தது மிளகாய்த்தூள். காரம் அணிலுக்கு உறைக்கும், உண்மைதான். ஆனால் தினமும் தண்ணீர் ஊற்றும் தொட்டியில் மிளகாய்த்தூள் எத்தனை மணிநேரம் நிற்கும்? மண்ணுக்குள் ரசம் இறங்கியதுதான் மிச்சம். ரப்பர் பாம்பு வைத்த வீடுகளில் பால்காரர் மட்டும் பயந்தார். மீன் அமிலம் தெளித்தவர்களுக்கு அணிலோடு பூனையும் சேர்ந்துகொண்டது. கடைசியில், ஒரு வருடமும் ஒரு டஜன் செடியும் போன பிறகு, எல்லோரும் வந்துசேரும் இடம் ஹார்டுவேர் கடை. அரை அங்குலக் கம்பிவலையை வட்டமாக வெட்டி, நடுவில் தண்டுக்கு ஓட்டை விட்டு, மண்மேல் படிய வைத்து, மேலே நாலு கூழாங்கல். வேர்பிடித்ததும் எடுத்துவிடலாம். கம்பிவலை இல்லாதவர் பழைய பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து மேலே செங்கல் வைக்கிறார். அழகு கிடையாது, ஆனால் வேலை செய்கிறது.

இந்தப் போரில் ஐந்தாம் படை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. காலை எட்டு மணிக்குக் காம்பவுண்டு சுவரின்மேல் ஒரு கைப்பிடி சோறும் நாலு வேர்க்கடலையும் ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீரும் வைப்பவர் வீட்டம்மா. "காக்காவுக்குத்தாங்க வைக்கிறேன்" என்பார். வேர்க்கடலை யாருக்கு என்பது இருவருக்கும் தெரியும். மேற்கொண்டு பேசினால், "வாயில்லா ஜீவன். உங்க இலைக்காக அது பட்டினி கெடக்கணுமா?" என்ற கேள்வி வரும். அதற்கு முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் பதில் கிடையாது.

தண்ணீர் விஷயத்தில் நிழல்தோட்டக்காரர் ஒரே சமயத்தில் கஞ்சனாகவும் ஊதாரியாகவும் இருப்பார். 2003 கோடையின் 45 டிகிரி வெயிலைப் பார்த்தவர். அதே வருடம் சட்டத்துக்குப் பயந்து மழைநீர்த் தொட்டி கட்டியவர். செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை அடி என்று தினமும் செய்தித்தாளில் பார்த்தபின்பே காப்பி குடிப்பவர். ஆனால் செடிக்கு மட்டும் காலை ஆறுக்கு ஒரு ஷிஃப்ட், மாலை ஐந்துக்கு ஒரு ஷிஃப்ட் தண்ணீர். வெயில் படாத தொட்டியில் ஈரம் எளிதில் காயாது. மருளும் அக்லோனிமாவும் தாகத்தால் சாவதைவிட வேரழுகிச் சாவதே அதிகம். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் இலை துவளும். துவண்ட இலையைப் பார்த்து இவர் இன்னொரு சொம்பு ஊற்றுவார். விரலை இரண்டங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும் என்று சொன்னால், "விரல விட்டுப் பாத்தா ஃபேக்டரி ஓட்டினோம்?" என்பார்.

ஆகவே இந்தத் தோட்டங்கள் செழித்த வருடம் 2019 என்பதில் ஆச்சரியம் இல்லை. அந்த ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஆவடி அதே மாதம் மாநகராட்சி ஆனது. தண்ணீர் தவிர மற்றெல்லாம் உயர்ந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு வந்த தண்ணீர் ரயில் ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் வழியாக வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. இங்கே நிற்கவில்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றவருக்குச் செடி நினைவு வந்ததே வாரத்துக்கு இருமுறை, அதுவும் ஒரு சொம்பு அளவுக்கு. பெரணி கருகிற்று, கலேடியம் தூங்கப் போயிற்று. மற்றவை நிமிர்ந்து நின்றன. மருள் குட்டி போட்டது. இதை அவர் தம்முடைய பராமரிப்பின் வெற்றியாக எடுத்துக்கொண்டார். மழை வந்ததும் பழைய ஷிஃப்டுக்குத் திரும்பினார்.

அந்தக் கோடை கற்றுத்தந்த சிக்கனங்களில் சில நிலைத்துவிட்டன. உதிர்ந்த இலையைப் பெருக்கித் தள்ளாமல் தொட்டியில் இரண்டங்குலம் மூடாக்காகப் போடுவது. தென்னைநார்க் கழிவை மண்ணோடு கலப்பது. செடிகளைத் தனித்தனியே வைக்காமல் நெருக்கி வைத்து ஒன்றின் ஈரமூச்சில் இன்னொன்று பிழைக்கச் செய்வது. சின்ன மண்பானையைச் செடியருகே கழுத்தளவு புதைத்து நிரப்பி, கசிவிலேயே வேரை நனைப்பது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைத் தினமும் ஊற்றியவர்கள் இலை நுனி கருகுவதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள். அதில் உப்பு கூடுதல். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் அந்த வம்பு இல்லை. புழுக்கமான இரவில் ஓடும் ஏசி விடிவதற்குள் வாளியில் கணிசமாகச் சேர்த்துவிடும். ஆகவே கோடையில் இவர் ஏசி போடுவது செடிக்காக. தூங்குவது அதன் உபபலன்.

இந்த ஏற்பாடு சித்திரை பாதி வரை சரியாக நடக்கும். கத்திரி தொடங்கும் நேரத்தில் மாடியிலிருக்கும் ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னால் கீச்கீச் என்று சத்தம் கேட்கும். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் இவருடைய தென்னைநார்க் கம்பம் முழுவதும் அங்கே இருக்கும், உருண்டையாக, நேர்த்தியாக, நடுவில் கண் திறக்காத மூன்று குட்டிகளோடு. இறங்கி வந்து ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். பேரன் கேட்டால் கேஸ் தீர்ந்துவிட்டது என்பார். குட்டிகள் வளர்ந்து வெளியேறும்வரை குடும்பம் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுக்கும். ஏசி வாளி காய்ந்து கிடக்கும். அந்த வாரங்களில் செடிகளுக்கு அரிசி களைந்த தண்ணீர்தான். அதையும் அவரே அளந்து ஊற்றுவார், வாளியின் அடியில் ஒரு கொட்டாங்கச்சி அளவு மிச்சம் வைத்து.