காணியும் காம்பராவும்

ஜூன் பிறந்தால் மாத்தளைத் தோட்டங்களில் லொறி பேசத் தொடங்கிவிடுவார்கள். 13ஆம் திகதி புனித அந்தோனியார் திருநாள். வஹகோட்டைக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தவர்களில் எங்களைப் போல மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் இருந்தார்கள். சிறுவயதில் கோயிலைவிட எனக்கு அதிசயமாகத் தெரிந்தவை அந்த ஊர் வீடுகள்தான். வீட்டைச் சுற்றி வேலி. வேலிக்குள் பலா, கமுகு, அதில் ஏறிய மிளகுக்கொடி. பலாக்காய் பறிக்க அவர்கள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எங்கள் லயத்து வாசலில் ஒரு முருங்கைக் கொம்பு ஊன்றுவதற்கே அம்மா கங்காணியிடம் சொல்லிவிட்டுத்தான் ஊன்றுவாள்.

அந்த ஊரார் கண்டி மன்னரிடம் சிறைப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் என்று பிற்பாடு அறிந்தேன். படையெடுத்து வந்தவர்கள்! மன்னன் அவர்களை அங்கே குடியமர்த்தினான். சிங்களம் பேசினார்கள், வேதத்தை விடவில்லை, ஊர்க்காரர் ஆனார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. வந்தவரை ஒரு நாடு அப்படித்தான் ஏற்க வேண்டும்.

எங்கள் முன்னோர் ஆயுதத்தோடு வரவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ள கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். மிஞ்சியவர்கள் காடழித்துக் கோப்பி நட்டார்கள். பிறகு தேயிலை, ரப்பர், கொக்கோ. கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா. 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமையையும் பறித்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள்; பிரிக்கப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பெரியப்பா குடும்பம் அப்படித்தான் கப்பலேறிப் போனது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இன்று லயத்தில் டிவி இருக்கிறது, கைபேசி இருக்கிறது, பல்கலைக்கழகம் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த காம்பராவுக்கு மட்டும் உறுதி இல்லை. உறுதி இல்லாதவனுக்கு வங்கி கடன் தராது. கடன் இல்லாமல் கடை போட முடியாது, கூரை மாற்ற முடியாது. வீட்டில் தோட்டத்து வேலைக்கு ஆளில்லாமல் போனால் காம்பராவையும் திருப்பிக் கேட்பார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை. கூலி குறைவு என்று எல்லோரும் பேசுகிறார்கள், உண்மைதான். ஆனால் அந்தக் கூலியை விட்டு வெளியேற முடியாதபடி எங்களைக் கட்டிப்போட்டிருப்பது காணியின்மை.

2023இல், எங்கள் முன்னோர் வந்த 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்களும் அவர்களோடு நின்றவர்களும் அந்தப் பழைய வழியில் நடந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் காணியும் ஒன்று. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் என்று அரசே சொல்லி ஆண்டுகள் பலவாகின்றன. அந்தத் துண்டு நிலத்தை லயத்தில் இருக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் உறுதியோடு கொடுங்கள். உறுதியில் அந்த வீட்டுப் பெண்ணின் பெயரையும் எழுதுங்கள்.