ஸ்டேப்ளர் அடித்த பட்டம்

வணிகமும் டிஜிட்டல் கலையும் கலந்த புதுப் பட்டப்படிப்பைத் தொடங்க ஒரு சுயநிதிக் கல்லூரிக்கு என்ன வேண்டும்? ஸ்டேப்ளர் போதும். பி.காம். பாடத்திட்டத்தில் பாதியை உருவு, விஸ்காமில் பாதியை உருவு, ஓரத்தில் ஒரு பின் அடி. போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்டத்தில் போண்டா ஆறுவதற்குள் ஒப்புதலாகிவிடும். எந்தப் பாடம் எந்த செமஸ்டரில் என்பதை மாணவரின் தேவையா முடிவுசெய்கிறது? எந்த வாத்தியாருக்கு ஒர்க்லோடு குறைகிறது என்பதே முடிவுசெய்கிறது.

உள்ளே போய்ப் பாருங்கள். ஒரு வகுப்பில் கன்சைன்மென்ட் கணக்கு. கல்கத்தா ஏஜென்ட்டுக்குச் சரக்கு அனுப்பும் சென்னை வியாபாரி அங்கே இன்னும் சாகவில்லை. பக்கத்தில் மல்டிமீடியா லேப். ஃப்ளாஷ் பிளேயரை அடோபி நிறுவனமே 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கைகழுவியது. ரெக்கார்டு நோட்டில் மட்டும் அந்த ஃப்ளாஷ் பந்து குதித்துக்கொண்டே இருக்கிறது. கணினியில் இருப்பது திருட்டு மென்பொருள். கால அட்டவணையில் அடுத்த வகுப்பு வேல்யூ எஜுகேஷன்.

பிசினஸ் லா தாளில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் உண்டு. லண்டனில் கார்பாலிக் புகைக்குண்டு வாங்கிய கார்லில் அம்மையாரின் வழக்கு மனப்பாடம். ஆனால் தான் வரைந்த படம் யாருக்குச் சொந்தம் என்பது அங்கே படிக்கும் பிள்ளைக்குத் தெரியாது. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சம்பளத்துக்கு வரைந்தது முதலாளிக்கே என்கிறது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. உத்யம் பதிவுள்ள சிறு தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டம். வணிகமும் கலையும் சந்திக்கும் இடம் இதுதான். சரியாக அங்கேதான் பின்னைக் குத்தி மூடியிருக்கிறார்கள்.

புதுச்சேரியில் தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தைக் காட்டி, கணினியில் உருவான புலியின் ரோமத்தை வியக்கச் சொல்வார்கள். 2013 பிப்ரவரியில் அந்தப் புலிக்கு ஆஸ்கர் கிடைத்தபோது, அதை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் திவால் மனு போட்டிருந்தது. விருது வாங்கியவர் நெருக்கடியைச் சொல்ல மேடையில் வாயெடுத்ததும் ‘ஜாஸ்’ என்ற சுறாப் படத்தின் இசையைப் போட்டு மைக்கை அணைத்தார்கள். அரங்குக்கு வெளியே கலைஞர்கள் பதாகையோடு நின்றார்கள். ஒரே தொகைக்கு ஒப்புக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் மாற்றிக்கொடுத்து அழியும் இந்தத் தொழிலின் கணக்கைவிட நல்ல அக்கவுண்டிங் பாடம் உண்டா? அதை நடத்த ஆளில்லை. கல்கத்தா ஏஜென்ட்டுக்கு மட்டும் ஆளிருக்கிறது.

மூன்று வருடம் கழித்து அந்தப் பிள்ளை கல்யாண ஆல்பம் டிசைன் செய்துவிட்டு, “பேமென்ட் எப்போ சார்?” என்று வாட்ஸ்அப்பில் கெஞ்சும். ‘தொழில்முனைவோரை உருவாக்கினோம்’ என்று கல்லூரி நாக் (NAAC) தர மதிப்பீட்டு அறிக்கையில் எழுதிக்கொள்ளும். வெட்கமே இல்லை.

பெற்றோரே, ஏசி அறையில் வழவழப்பான பிராஸ்பெக்டஸை நீட்டுவார்கள். அதை ஓரமாக வையுங்கள். பதிப்புரிமை எந்த செமஸ்டரில் வருகிறது, இன்வாய்ஸ் எழுதச் சொல்லித்தருபவர் யார், அவர் வாழ்நாளில் ஒரு இன்வாய்ஸாவது எழுதியிருக்கிறாரா என்று கேளுங்கள். பதிலுக்கு பிளேஸ்மென்ட் செல் பக்கம் கைகாட்டினால், ஃபீஸ் கட்டாமல் எழுந்து வாருங்கள்.