எரியாத எல்இடியும் பழிசுமக்கும் டிரான்சிஸ்டரும்

எல்இடி எரியாதபோது மின்னணுவியல் ஆர்வலர் முதலில் ஐயுறுவது டிரான்சிஸ்டரையே என்பதும், சென்னை ரிச்சி தெருவிலிருந்து பத்துப் பத்தாக அதனை வாங்கிவந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த பின்னரே தம் வயரிங்கைத் திரும்பிப் பார்ப்பார் என்பதும் இத்துறையில் நெடுநாளாக வழங்கிவரும் மரபாகும். டிரான்சிஸ்டர் இங்கே ஒரு சுவிட்ச்; அதன் பேஸ் என்னும் காலில் சிறு மின்னோட்டம் புகுந்தால், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரிய மின்னோட்டம் பாயும். பிசி547 என்னும் டிரான்சிஸ்டர் இவ்வாறு 100 மில்லிஆம்பியர் வரை தாங்கும். பழியைத் தாங்குவதற்கு அதன் டேட்டாஷீட்டில் உச்சவரம்பு ஏதும் குறிக்கப்படவில்லை.

கால்களின் வரிசையிலேயே வில்லங்கம் தொடங்குகிறது. தட்டை முகம் தம்மை நோக்கியும் கால்கள் கீழ்நோக்கியும் இருக்கப் பிடித்தால், பிசி547-இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர் என்றும், அதே கறுப்பு உடலோடு வரும் 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்றும் அமைந்திருக்கும். மாறிச் செருகப்பட்ட டிரான்சிஸ்டர் அடியோடு மறுத்துவிட்டாலும் தேவலை. நூறு மடங்குக்கு மேல் பெருக்கித் தரவேண்டியது சில மடங்கே பெருக்கித் தந்து, பேஸ் ரெசிஸ்டரும் பெரிதாக இருந்துவிட்டால் எல்இடியை மங்கலாக எரியவிட்டு, ஆர்வலரின் நம்பிக்கையை அணையவும் விடாது, ஒளிரவும் விடாது.

இதனினும் நுட்பமானது எல்இடியை எமிட்டர் பக்கம் இணைக்கும் பிழை. மைக்ரோகன்ட்ரோலர் பேஸுக்குத் தரும் 3.3 வோல்ட்டில் ஏறத்தாழ 0.7 வோல்ட் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலேயே கழிந்துவிடுவதால், எஞ்சும் 2.6 வோல்ட்டில் இரண்டு வோல்ட் அளவே கேட்கும் சிவப்பு எல்இடி எரியும். மூன்று வோல்ட் அளவு கேட்கும் நீல எல்இடி எரியாது. உடனே ஆர்வலர், 2014-இல் மூவருக்கு இயற்பியல் நோபல் பரிசு பெற்றுத்தந்த நீல எல்இடியையே போலிச் சரக்கு என்று தீர்ப்பளித்துவிடுகிறார். எல்இடியை அதன் ரெசிஸ்டரோடு கலெக்டர் பக்கம் மாற்றி, எமிட்டரை நேரே கிரவுண்டில் சேர்த்தால் வழக்கு தள்ளுபடியாகும். எல்இடிக்குத் தனி பேட்டரி இருப்பின் அதன் எதிர்முனையையும் அதே கிரவுண்டோடு இணைத்திருக்க வேண்டும் என்பது தனிக்கதை.

பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 0.7 வோல்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் அளந்தாலே இவற்றுள் பாதி விளங்கிவிடும். ஆனால் சுற்றுக்கு மின்சாரம் தந்துகொண்டிருக்கும் 9 வோல்ட் பேட்டரி, பெரும்பாலும் அந்த மல்டிமீட்டரிலிருந்து கழற்றப்பட்டதாகவே இருக்கும்.