நிதானம் அறியாத வண்டி

என்னிடமிருந்த காருக்கு வேகம் பகையல்ல, நிதானந்தான் பகை. தாம்பரம் தாண்டிச் செங்கற்பட்டுச் சாலையில் மணிக்கு 40 மைல் வேகத்தில் விட்டால், பந்தியில் பசியோடு உட்கார்ந்த பிரம்மசாரியைப்போல் தலைநிமிராமல் காரியத்தில் கண்ணாயிருக்கும் அந்த வண்டி, பாண்டி பஜாரில் ஒரு மாடு குறுக்கே வந்து, நான் ஜீவகாருண்யத்தை முன்னிட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில், ஒரு தடவை உடலைச் சிலிர்த்து, இரண்டு தடவை விக்கி, பூர்வஜன்ம பந்தமெல்லாம் அற்றுப்போனாற்போல் மௌனத்தில் ஆழ்ந்துவிடும். மாடு போய்விடும். நானும் வண்டியும் அங்கேயே இருப்போம்.

வண்டியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அந்தக் காலத்துப் பெண்மணிகள் புருஷன் பெயரைச் சொல்லாததற்கு மரியாதை ஒரு காரணமென்றால், சொன்னால் என்ன நேருமோ என்ற அச்சம் மற்றொரு காரணம், என்னுடையது இரண்டாவது. சீமையில் பிறந்து, கப்பலேறி வந்து, மூன்று பேரிடம் குடித்தனம் நடத்திவிட்டு, ஒரு வக்கீலிடமிருந்து என்னிடம் வந்து சேர்ந்தது என்பதுவரை சொல்லலாம். மூன்று வருஷம் எங்களுக்குள் எந்த மனஸ்தாபமும் இல்லை. 1973-ம் வருஷம் நவராத்திரி கழிந்து ஒரு வாரம் ஆவதற்குள் அதன் புத்தி பேதலித்தது. இத்தனைக்கும் அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் செய்த உபசாரம் சாமானியமானதல்ல. வேலைக்காரனை நம்பாமல், பழைய வேஷ்டித் துணியும் மண்ணெண்ணெயுமாக நானே பானெட்டைத் திறந்து குனிந்து, எஞ்சினின் சந்து பொந்தெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். நன்றி என்பது இரும்புக்குக் கிடையாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அதுமுதல் நான் குடையில்லாமல் கார் ஏறியதில்லை. கார் வைத்திருப்பவன் கையில் குடை எதற்கு என்று கேட்பவர்கள், நடு வழியில் நின்றுபோன காரை ஓரங்கட்டிவிட்டு ஐப்பசி மழையில் வீட்டுக்கு நடந்தறியாத பாக்கியசாலிகள். நல்ல வேளையாக அந்தக் குடையும் அப்போதுதான் சீர்திருந்தியிருந்தது. முன்பெல்லாம் வராந்தாவில் ஊன்றி நடந்தால் டக் டக்கென்று தரையைக் கொத்தி என் மனைவியின் மத்தியானத் தூக்கத்தைக் கலைத்துவந்த அதன் இரும்பு நுனிக்கு ஒரு கவசம் போட்டு, பூனைநடை பழக்கியிருந்தேன்.

வியாதி வந்தால் முதலில் வருகிறவர் டாக்டரல்ல, அண்டை வீட்டார். எங்கள் தெருவில் ஒரு சித்த வைத்தியர் இருந்தார். ஒருநாள் அவரை மயிலாப்பூருக்கு ஏற்றிக்கொண்டு போகையில், மாட வீதியில் வண்டி தன் வழக்கப்படி குலுங்க ஆரம்பித்தது. மனிதர் பதற்றப்படவில்லை, நடுங்கிக்கொண்டிருந்த கியர்க் கம்பியை மூன்று விரலால் பற்றிக் கண்களை மூடிக்கொண்டார். "காற்று, தீ, நீர் மூன்றாலும் ஓடுகிற சரீரந்தானே இதுவும்? வாதம், பித்தம், கபம் மூன்றில் ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது" என்றார். எது என்று கேட்டேன். அதற்குள் நாடி நின்றுவிட்டது.

அவர் சொன்னதை அன்று பரிகாசமாக எடுத்துக்கொண்டேனே தவிர, யோசித்துப் பார்த்தால் பெட்ரோல் எஞ்சினைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது. பெட்ரோல் கபம், தீப்பொறி பித்தம், காற்று வாதம். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் அந்தக் கலவையைக் கூட்டிக் கொடுத்த பரிசாரகன்தான் கார்புரேட்டர். ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் என்பவர் 1893-ல் அதன் பிற்கால உருவத்துக்கு மூதாதையான ஒன்றைச் செய்து வைத்த நாள்முதல், உலகத்தில் எந்தக் கார் எங்கே நின்றாலும் பழி முதலில் அதன் தலையில்தான் விழுந்துவந்தது. சமையல் சரியில்லை என்றால் பரிசாரகனைத்தானே கேட்பார்கள்?

நான் முதலில் போனது பித்தக்காரனிடம்; அதாவது எலெக்ட்ரீஷியனிடம். அவன் பானெட்டைத் திறக்குமுன்பே "பிளாட்டினம் பாயிண்ட் போயிருக்கும் சார்" என்றான். பேர் பிளாட்டினமே தவிர, விலையைப் பார்த்தால் தகரமாகத்தான் இருக்க வேண்டும். அதை உப்புத்தாளால் தேய்த்து, என் சட்டைப் பையிலிருந்த விசிட்டிங் கார்டையே வாங்கி இடுக்கில் சொருகி இடைவெளியைக் கணக்குப் பண்ணினான். என் விலாசத்துக்கு அதற்குமுன் அப்படி ஒரு உபயோகம் ஏற்பட்டதில்லை. கண்டென்சர் மாற்றினான், காயில் மாற்றினான், நான்கு பிளக்கையும் கழற்றித் துடைத்து மாட்டினான். பிறகு வண்டியைத் தானே எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் அம்புபோல் ஒரு தடவை போய்வந்து, "பிக்கப் பாருங்க சார், குதிரை!" என்றான்.

இங்கே ஒரு விஷயத்தை நின்று கவனிக்க வேண்டும். நின்றுபோகிற வண்டியைப் பழுது பார்ப்பவர் யாராயினும், பார்த்து முடித்ததும் அதை வேகமாக ஓட்டித்தான் பரீட்சை செய்கிறார். மெதுவாகப் போனால் நிற்கிறது என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டாலும், உருட்டிக்கொண்டு போய்ப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. நடக்கையில் மூச்சு வாங்குகிறது என்று போனவனைப் படுக்கவைத்துப் பார்த்து, சௌக்கியமாக இருக்கிறாய் என்று அனுப்புவதற்கு ஒப்பானது இது. எலெக்ட்ரீஷியனின் குதிரை, அவன் கடைக்கு நாலாவது வீட்டில் படுத்துவிட்டது.

அடுத்தது கபம். பெரிய மெக்கானிக் ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோல் கிண்ணத்தில் குளிப்பாட்டி, ஸ்லோ ஜெட்டைத் தனியே எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து எனக்குக் காட்டினார். சுண்டுவிரல் நகமளவு பித்தளைத் துண்டு; நடுவே ஊசியும் நுழையாத ஒரு துவாரம். கார் மெதுவாக ஓடும்போதெல்லாம் அதற்கு ஆகாரம் அந்தத் துவாரத்தின் வழியேதான் போகிறது, ஒரு தூசி அடைத்தால் பட்டினி, என்றார். விளக்கம் எனக்குப் பரம திருப்தியாக இருந்தது. ஆனால் துவாரத்தின் வழியே ஆகாயம் நன்றாகத் தெரிந்ததே! அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மனம் புண்பட்டிருக்கும். வாயால் ஊதி, திரும்ப மாட்டி, அப்படியும் விக்கல் நிற்காமற்போகவே, ஸ்குரூவைத் திருகி எஞ்சினின் நடைவேகத்தை ஏற்றிவிட்டார். அதன்பின் வண்டி சும்மா நிற்கும்போதே ரைஸ் மில்லைப்போல் இரைந்தது. கிளட்சிலிருந்து காலை எடுத்தால் ஜல்லிக்கட்டுக் காளைபோல் துள்ளிப் பாய்ந்தது.

கடைசியில் ஒரு உபாயத்தை நானே கண்டுபிடித்தேன். சோக்கை அரைவாசி இழுத்துவிட்டுக்கொண்டு ஓட்டினால் வண்டி நிற்பதில்லை. ஏன் என்று நான் ஆராயவில்லை. ஆராய்ந்திருந்தால் பல நூறு ரூபாய் மிஞ்சியிருக்கும். சோக்கை இழுத்தால் பெட்ரோல் அதிகமாகப் போகும். காலனுக்கு 30 மைல் கொடுத்த வண்டி 18 கொடுத்தது. பின்னால் கரும்புகை கக்கியது. அரபு நாடுகள் எண்ணெயைக் கட்டுப்படுத்தி, உலகமெங்கும் பெட்ரோல் விலை விஷமாக ஏறிய அந்த 1973 அக்டோபரைப் பார்த்தா என் வண்டிக்கு இந்தத் தாகம் பிறக்க வேண்டும்!

தள்ளுவோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னைவாசிகள் ஒருவருக்கொருவர் உதவுவதில்லை என்பது அபவாதம். நின்ற காரைக் கண்டால் காலேஜ் மாணவர்களும், பூக்காரரும், சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு வரும் தபால்காரரும் தோள் கொடுக்கிறார்கள். தேர் நகர்ந்தாற்போல் கிளம்புகையில் ஆரவாரமும் செய்கிறார்கள். தேர் தெருமுனையில் நிற்பதற்காவது ஓர் ஆள் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட வேண்டும். என் வண்டிக்கு அந்தச் சிரமமும் கிடையாது. அந்த வருஷந்தான் ஜெமினி மேம்பாலத்தைத் திறந்திருந்தார்கள். நடுவில் எங்கும் நிற்காமல் தாண்டிவிடக்கூடிய மார்க்கம் என்பதால், தெற்கே போக வேண்டியிருந்தால்கூட நான் வடக்கே சுற்றி அதன்மேல் ஏறி இறங்கி வந்ததுண்டு.

புதுப்பேட்டைக்கும் போனேன். கூவத்தின் கரையில், பிரித்துப்போட்ட கார்களின் அங்கங்கள் மலைமலையாகக் குவிந்திருக்கும் அந்தக் குருக்ஷேத்திரத்தில், என் வண்டியின் சகோதரன் ஒருவனுடைய கார்புரேட்டரை 80 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். அதைப் பொருத்துவதற்காக மறுபடியும் பெரிய மெக்கானிக்கிடம் வண்டியை விட்டு, பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன். மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்தார். அதே நடுக்கம், அதே விக்கல்.

"இனி ஓவராலிங்தான் சார்" என்றார் மெக்கானிக், வியாதி கைமீறிவிட்டது என்று சொல்லும் டாக்டரின் குரலில்.

அந்தப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்க ஒரு பையன் உண்டு. வயது பன்னிரண்டு இருக்கலாம். ஸ்பேனர் கொடுத்த நேரம்போக மற்ற நேரமெல்லாம் திட்டு வாங்குவது அவன் உத்தியோகம். அவன் எஞ்சினுக்குமேல் காதைச் சாய்த்துக்கொண்டு, "அண்ணே, புஸ்ஸுன்னு காத்து இழுக்குதுண்ணே" என்றான்.

"போடா, டீ வாங்கிட்டு வா."

பையன் போகவில்லை. கார்புரேட்டருக்குக் கீழே, எஞ்சினுக்குக் கலவை போகும் மானிபோல்டின் பின்பக்கம் கையை விட்டுத் துழாவினான். அவன் விரல் எங்கோ போய் உட்கார்ந்தது. மறுகணம், மூன்று வாரமாக நான் கேட்டறியாத சப்தம் ஒன்று கேட்டது. எஞ்சின், திண்ணையில் தூங்கும் தாத்தாவைப்போல், ஒரே சீராக மூச்சுவிட்டது. பையன் விரலை எடுத்தான், விக்கியது. வைத்தான், தூங்கியது. மூன்று தரம் இப்படி வித்தை காட்டினான். மெக்கானிக் மட்டும் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

வாதம்! வேறு ஏதோ சாதனத்துக்காகச் சீமையில் வைத்து, ஒருநாளும் உபயோகப்படாமல் மூடிக்கிடந்த ஒரு சிறு மூக்குக்குழாய், மூடியில்லாமல் திறந்திருந்தது. மெதுவாகப் போகையில் கார்புரேட்டரின் கதவு ஏறக்குறையச் சாத்தியிருக்கும். எஞ்சின் பலங்கொண்ட மட்டும் உறிஞ்சும். அப்போது இந்தப் பின்வாசல் வழியாகப் பெட்ரோல் சேராத வெறுங்காற்று உள்ளே புகுந்து கலவையை நீர்த்துப்போகச் செய்யும். வேகத்திலும் புகாமலில்லை, ஆனால் ஆயிரம் பேர் உண்ணும் கல்யாணத்தில் அழையாத விருந்தாளி ஒருவன் உட்கார்ந்தால் யாருக்குத் தெரிகிறது? இருவருக்கு வடித்த சோற்றில் வந்து உட்கார்ந்தால்தானே தெரிகிறது! நான் சோக்கை இழுத்ததெல்லாம், அந்த ஒருவனுக்காகத் தினமும் உலையில் அரிசியைக் கூட்டிப் போட்டதுதான்.

"இங்க ஒரு ரப்பர் மூடி இருந்திருக்கும் சார். தொடைக்கறப்போ யாரோ கழட்டி வுட்டுட்டாங்க" என்ற பையன், அளவு காட்டுவதற்காகச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இதோ, உங்க கொடையில இருக்கே சார், கரெக்டா இந்த சைஸ்" என்றான்.

நான் குடையைப் பார்த்தேன். மெக்கானிக் குடையைப் பார்த்தார். விஜயதசமியன்று காலையில் கார்க் கொட்டகையின் தரையில் கிடந்த ஒரு கறுப்பு ரப்பர்க் குமிழைக் கண்டெடுத்து, அளவெடுத்துச் செய்தாற்போல் குடை நுனியில் அது பொருந்தியதைக் கண்டு, சரஸ்வதி கடாக்ஷத்தை வியந்து நின்ற என் உருவம் மனக்கண்முன் வந்தது. மௌனமாக அதைப் பிடுங்கிப் பையன் கையில் கொடுத்தேன். மாட்டினான். வண்டி தூங்கியது.

பையனுக்குத் தனியே ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டு, பில் எவ்வளவு என்று கேட்டேன். மெக்கானிக் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, கார்புரேட்டர் கழற்றிய கூலி, மாட்டிய கூலி, டியூனிங் என்று எழுதிக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் சற்றுத் தயங்கி, "மூடி நீங்களே கொண்டாந்துட்டீங்க சார், அதுக்கு ஒண்ணும் வேணாம்" என்றார்.

சாயங்காலம் வராந்தாவில் ஏறினேன். டக் என்றது குடை.

"அந்த மூடி எங்கே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கார் ஓடுகிறது" என்றேன்.