விருந்தும் வாடகை வீடும்

கேள்வி: சிங்கப்பூரின் தேக்கா அருகே வாடகைக்கு எடுத்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில், ஒரு வாரத்திற்கென்று வந்த நண்பர்கள் இருவர் மூன்று மாதமாகியும் கிளம்பவில்லை. என்ன செய்வது?

பதில்: வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தது மெய்யே; ஆயினும் 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று அனுபவத்தால் மொழிந்த நம் முன்னோர், மூன்று மாதம் என்று சொன்னாரில்லை. வாடகைக்கு இருப்பவர் அவ்வீட்டை உள்வாடகைக்கு விடலாகாது என்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விதியாதலால், அவர்களிடம் பணம் பெற்றுச் சமாதானம் அடைந்தீரானால், விதியை மீறியவர் நீரே ஆவீர். ஆகவே ஒப்பந்தப் பத்திரத்தை அவர்கள் முன் விரித்து, பிரியத்தோடு ஒரு தேதி குறித்து, அன்று சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடந்துவரும் கோமள விலாஸில் பிரியாவிடை விருந்தளியுங்கள். வீட்டில் தொடங்கிய உபசாரம் அங்கே வாழையிலையோடு நிறைவுறுவதே சினேகத்திற்கு க்ஷேமம்.