அவன் அப்படித்தான் சார்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த நாட்டில் ஒரு பெரிய சலுகை உண்டு. அவர்களுக்கு மனக்கவலை வராது. டாக்டர், வார்டன், சித்தப்பா, எதிர்வீட்டு மாமி எல்லோரும் கூடி எடுத்த முடிவு அது.

அம்மா செத்துப்போன நாற்பது வயது மகன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறான். ராத்திரியெல்லாம் வாசல் தாழ்ப்பாளைத் திறந்து திறந்து பார்க்கிறான். சுவரில் தலையை முட்டிக்கொள்கிறான். வேறு யாராவது இப்படிச் செய்தால் 'பாவம், தாயைப் பறிகொடுத்தவர்' என்று பக்கத்தில் உட்காருவோம். இவன் என்றால், 'அவன் அப்படித்தான் சார், இப்ப கொஞ்சம் ஜாஸ்தி.' டாக்டர் அவன் முகத்தைப் பார்க்காமல் அண்ணனிடம், 'தூங்குறானா?' என்று கேட்டு மாத்திரை எழுதுகிறார். அம்மா இறந்ததையே அவனிடம் யாரும் சொல்லவில்லை, ஊருக்குப் போயிருக்கிறாளாம். சுடுகாட்டுக்கும் கூட்டிப்போகவில்லை, குழந்தை பயந்துவிடுமாம். குழந்தைக்குத் தாடி நரைத்துவிட்டது.

எந்த வேதனையையும் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடும் இந்த மருத்துவப் பழக்கத்தை அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் சகாக்களும் 1982-லேயே ஆராய்ந்து காட்டிவிட்டார்கள். அறிவுசார் குறைபாடு மனநோய் அல்ல என்கிறது நம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். சரியான பேச்சுதான். அதை 'இவர்களுக்கு மனநோயே வராது' என்று படித்துக்கொண்ட மேதைகளை என்ன செய்வது? மனநலப் பிரிவுக்குப் போனால் 'சிறப்புப் பள்ளியைப் பாருங்கள்', அங்கே போனால் 'மனநல டாக்டரைப் பாருங்கள்.' அலைகிறவள் அக்காவோ அண்ணியோதான்.

சுய உதவிக்குக் கையேடு இல்லாமலா? இருக்கிறது. எண்ணங்களை டைரியில் எழுதுங்கள், எதிர்மறைச் சிந்தனையை இனங்காணுங்கள்... பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக, எழுத்துக்கூட்டத் தெரியாதவனுக்கு! மனநல உதவி எண் 14416-க்கு ஃபோனும் போடலாம். அவன் கையில் யாராவது ஃபோனைக் கொடுத்து வைத்திருந்தால்.

பிரிட்டனில் மனநல மருத்துவர் ஷீலா ஹாலின்ஸ் 1989-இல் அம்மா இறந்ததற்கு ஒன்று, அப்பா இறந்ததற்கு ஒன்று என்று புத்தகங்கள் போட்டார். கதை முழுக்கப் படம்தான், ஒரு எழுத்து கிடையாது. பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து, துக்கத்தை அவனே சொல்லலாம். நமக்குப் படம் வரையத் தெரியாதா? தேர்தல் வந்தால் சந்துபொந்துச் சுவரில்கூடச் சின்னம் வரைகிறோமே! இவர்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் போதும், மேடையேற்றிச் சினிமாப் பாட்டுக்கு ஆடவைத்துவிடுவோம். பொன்னாடை, பிரமுகரோடு போட்டோ, 'தெய்வக் குழந்தைங்க' என்று மைக்கில் ஒருவர் உருக்கம். ஆட மாட்டேன் என்று ஒருவன் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டால், டோஸைக் கூட்டச் சொல்ல வேண்டும் என்று வார்டன் குறித்துக்கொள்வார்.